அடையாளம் தெரியாத பன்றி

"கடைசியா எப்போ பன்னியைத் தொட்டார்னு அதை மட்டும்..."

"காய்ச்சல் கொதிக்குதுன்னு சொல்றேன், காதுல விழலையா உனக்கு..."

"...சொல்லிட்டீங்கன்னா போதும்மா, தேதி கூட வேணாம்..."

"...முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு, நீ என்னடான்னா பன்னி பன்னின்னு..."

"தோராயமா சொல்லுங்க. போன வாரமா, போன மாசமா?"

"தொடவே இல்லம்மா."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

இந்தப் பேச்சு நடந்தது எங்கள் வட்டார மருத்துவமனையில், தனிமை அறைக்கு முன்னால் இருக்கும் சின்னத் தடுப்பறையில். அதற்கு இரண்டு கதவுகள். ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் அங்கியும் முகமூடியுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி கிருமித் தடுப்புச் செவிலி பெர்டீன். இன்னொருத்தி எழுபதைத் தாண்டிய ட்ரூஸ். உள்ளே கட்டிலில் கிடந்தவன் ட்ரூஸின் தம்பி டீனஸ். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே பண்ணை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வயதானவர்கள்.

பன்றியைப் பற்றிக் கேட்டதற்காக எங்கள் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பேல் வட்டாரத்தில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். பன்றியின் மூக்கில் ஒரு கிருமி குடியிருக்கிறது, வழக்கமான மருந்துக்கு மசியாதது, வளர்ப்பவன் மூக்குக்கும் அது குடிவந்துவிடும் என்பது எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். அதனால் கால் ஒடிந்து போனாலும் சரி, மார்வலி என்று போனாலும் சரி, வாசலில் முதல் கேள்வி பன்றியைப் பற்றித்தான். ஆமாம் என்றால் தனி அறை, இரண்டு கதவு, மூக்கில் பஞ்சுக் குச்சி. நாங்களும் மூக்கை நீட்டுவோம். நல்ல ஏற்பாடுதான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கு நம் கிருமி போகக்கூடாது அல்லவா.

ட்ரூஸின் கோபத்துக்குக் காரணம் வேறு. அவர்களிடம் பன்றியே இல்லை. பண்ணைகளை மூடச்சொல்லி அரசாங்கம் கேட்டுக்கொண்ட காலத்திலேயே மூடிவிட்டார்கள். கொட்டகைகளைக் கழுவிவிட்டு, ஊர்க்காரர்கள் கோடை விடுமுறையில் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் கேரவன் என்னும் சக்கர வீடுகளைக் குளிர்காலத்தில் நிறுத்திவைக்க விட்டிருந்தார்கள். கேரவனுக்கு மூக்கு கிடையாது.

"இந்த வசந்தத்துல இதே இடத்துல அவனுக்குப் புது முழங்கால் வச்சீங்க. அதுக்கு முன்னாடி மூக்குல குச்சி விட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள் ட்ரூஸ்.

"விட்டோம்."

"என்ன வந்துச்சு?"

"சுத்தம்னு வந்துச்சு."

"உள்ள வரும்போது சுத்தம். உங்க மேசையில படுத்தான். உங்க டாக்டர் டெ ராய் அறுத்தார், உலோகத்தை வச்சார், தச்சார். நேரா வீட்டுக்கு வந்தான். சோபாவுல படுத்தவன் படுத்தவன்தான். இப்போ தச்ச இடத்துல சீழ் வருது. சீழ்ல மருந்துக்கு அடங்காத கிருமி இருக்குன்னு சொல்றீங்க. அது எங்கேயிருந்து வந்துச்சு?"

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம். எங்கேயிருந்து வந்துச்சு? அவர் கடைசியா எப்போ பன்னியை..."

மருத்துவமனையின் முகப்பில் ஒரு பலகை உண்டு. 'அடங்காத கிருமி இந்தக் கட்டடத்துக்குள் பிறந்ததில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். தலைநகரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடங்காத கிருமிகள் உள்ளே இருந்ததே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நிறைய இருந்திருக்கின்றன. ஆனால் எல்லாமே வந்தவை. பிறந்தது என்று ஒன்றுகூடக் கிடையாது.

*

ஆய்வுக்கூடத்து டாக்டர் ரென்ஸ்கெ இளம்பெண். ட்ரூஸை நடைவழியில் ஓரமாக உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"இந்தக் கிருமி தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கிட்டுத்தாம்மா வாழும். ஒண்ணு ரெண்டாப் பிரியறப்போ எல்லாம் புதுசாச் சுவர் கட்டணும். நாங்க வழக்கமாக் குடுக்கற மருந்து அந்தக் கொத்தனாரோட கையைப் பிடிச்சுக்கும். சுவர் பாதியில நின்னா கிருமி வெடிச்சுச் சாகும்."

"சரி."

"இது இன்னொரு கொத்தனாரையும் வச்சிருக்கு. அவன் கை மருந்தோட பிடிக்குச் சிக்காது. மருந்து பாட்டுக்கு முதல் ஆளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இவன் பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இருப்பான்."

"அப்போ ஏன் அதே மருந்தையே ஏத்திக்கிட்டு இருக்கீங்க?"

டாக்டர் ரென்ஸ்கெ தன் காலணிக்கு மேல் மாட்டியிருந்த நீல உறையைப் பார்த்தாள்.

"வேற மருந்து இருக்கு. இதே கட்டடத்துலதான். பூட்டின அலமாரியில."

"திறங்க."

"குழு அனுமதி குடுக்கணும். அந்த மருந்தைக் கண்டவங்களுக்கும் குடுத்தா, கிருமிங்க அதையும் பழகிக்கும். அதனால பூட்டி வச்சிருக்கோம். அது நியாயம்தாம்மா, நானும் ஒத்துக்கறேன். ஆனா கிருமி எந்த வழியா வந்துச்சுன்னு முடிவானாத்தான் குழு சாவியைக் குடுக்கும்."

"என்னென்ன வழி இருக்கு?"

"பன்றி வழி. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வழி."

"மூணாவது?"

"மூணாவது வழி இல்ல."

"இருந்துட்டா?"

"இருந்துட்டா வாசல்ல இருக்கற பலகையை இறக்கணும்."

"தாமதமானா என்ன ஆகும்?" என்றாள் ட்ரூஸ்.

"கிருமி உலோகத்து மேல பாசி மாதிரி ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு ஒரு சளிக்கூடு கட்டும். கூடு தடிச்சுப்போச்சுன்னா எந்த மருந்தும் உள்ள போகாது. அப்போ உலோகத்தை எடுக்கணும். அதுக்கும் கேக்கலன்னா காலை எடுக்கணும். அதுக்கும்..."

"போதும். நீங்க இதையெல்லாம் குழுவுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். என் ஆலோசனையைக் கவனத்துல எடுத்துக்கிட்டாங்க."

"எடுத்துக்கிட்டு?"

"கவனத்துலயே வச்சிருக்காங்க."

*

எங்கள் நாட்டில் எதையும் ஒருவர் முடிவு செய்வதில்லை. கடலுக்கு அணை போட்ட காலத்திலிருந்து அதுதான் பழக்கம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எல்லாரும் தலையாட்டினால் முடிவு. ஒருத்தர் ஆட்டாவிட்டால் மறுபடி காபி. தண்ணீருக்கு இது நன்றாகவே உதவியிருக்கிறது. தண்ணீருக்கு முழங்கால் இல்லை.

கிருமித் தடுப்புக் குழு வியாழக்கிழமைகளில் கூடும். தலைவி வான் ஆர்சன் அம்மையார். பன்றி வழி என்று ஒன்று இருப்பதால் பன்றிகளின் தரப்பும் மேசையில் இருக்கவேண்டும் என்று பன்றி வளர்ப்போர் சங்கத்தின் சார்பில் ஹெர்லாக் என்ற பருத்த மனிதர் எப்போதும் வந்திருப்பார். நோயாளிகளின் தரப்பும் இருக்கவேண்டும் என்று ட்ரூஸையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் முன்னால் ஒரு அட்டை: 'குடும்பத்தின் குரல்'. குரல் உண்டு, தலையாட்ட உரிமை கிடையாது.

ஆளுக்கு ஒரு காபி வந்தது. பிஸ்கட் டப்பா திறக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடப்பட்டது. தலைவி பேசினார்.

"நம்ம எதிரியை நாம குறைச்சு மதிப்பிடக்கூடாது. அது ரொம்பப் பழசு, ரொம்பப் புத்திசாலி. தன்னைத் திருத்திக்காது, வேஷத்தை மட்டும் மாத்திக்கும். தனியா இருக்கறப்போ சுலபமாத் தோத்துப்போகும். கூட்டமா உக்காந்துடுச்சுன்னா சுத்திலும் ஒரு கூடு கட்டிக்கும். வெளியிலிருந்து எதை ஊத்தினாலும் உள்ள இறங்காது. ஒண்ணு கத்துக்கிட்ட தந்திரத்தைப் பக்கத்துல இருக்கறதுக்கும் குடுத்துடும். அங்க ஒரு உயிர் கஷ்டப்படுதேன்னு அதுக்குக் கவலை கிடையாது. தான் இருக்கற இடத்துல தான் இருக்கணும், அவ்வளவுதான் அதோட குறி."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ட்ரூஸ் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு வந்தாள். காபி ஆறிப்போனது.

"இப்போ விஷயத்துக்கு வருவோம்," என்றார் தலைவி. "முதல்ல வெளிநாட்டு வழி. உங்க தம்பி சமீபத்துல வெளிநாடு போனாரா?"

"அவன் பக்கத்துல இருக்கற டவுன் ஐந்தோவனுக்கே போகமாட்டான். நெரிசலா இருக்குமாம்."

"எப்பவுமே போனதில்லையா?"

"பெல்ஜியம் போவான். அங்க உருளைக்கிழங்கு வறுவல் நல்லா இருக்கும்."

சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தலைவி பேனாவை எடுத்தார்.

"பெல்ஜியத்துல எந்த இடம்?"

"எல்லை தாண்டினதும் ரோட்டோரத்துல ஒரு கடை."

"அந்தக் கடை ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கா?"

"இல்லம்மா."

"பக்கத்துல?"

"பக்கத்துல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு."

"பங்க்ல யாராவது செவிலி மாதிரி உடை போட்டிருந்தாங்களா?"

"தெரியாது. நான் காருக்குள்ளயே உக்காந்திருந்தேன்."

பேனா மேசைக்குத் திரும்பியது. ஹெர்லாக் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"வெளிநாட்டு வழி அடைஞ்சுபோச்சுன்னா நீங்க அடுத்து எங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். இப்பவே சொல்லிடறேன். எந்தப் பன்றி, எந்தப் பண்ணைன்னு சொல்லாம பொத்தாம்பொதுவா பன்றின்னா சங்கம் தலையாட்டாது. ஒவ்வொரு தடவையும் எங்க பன்றிங்க தலையிலயே விழுது. அதுங்களுக்கும் ஒரு மானம் இருக்கு."

"உங்க வலி எங்களுக்குப் புரியுது," என்றார் தலைவி.

"வலி என் தம்பிக்கு," என்றாள் ட்ரூஸ்.

"உங்க உணர்ச்சிக்கும் இங்க இடம் இருக்கும்மா. கூட்டத்தோட கடைசியில அதுக்குன்னு நேரம் ஒதுக்கியிருக்கோம்." தலைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஒத்த கருத்து வரல. அடுத்த வியாழன் பார்ப்போம்."

"அதுவரைக்கும் கிருமி காபி குடிச்சிட்டு உக்காந்திருக்குமா?"

"அந்தக் கேள்வியைக் கவனத்துல எடுத்துக்கறோம்," என்றார் தலைவி. உணர்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் அதோடு முடிந்துவிட்டது.

*

டீனஸ் ஊர் வாத்தியக் குழுவில் பெரிய மத்தளம் அடிப்பவன். வயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தபடியே அடிக்கவேண்டும். போன வருஷ ஊர்வலத்தில் பாதி வழியில் முழங்கால் மடங்கி, மத்தளத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்த எக்காளக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த அவமானத்தில்தான் புது முழங்காலுக்கே ஒத்துக்கொண்டான்.

"முகமூடி போட்டா நீ அழகா இருக்கக்கா," என்றான் அக்கா உள்ளே வந்ததும்.

"வாயை மூடுடா. காலைக் காட்டு."

போர்வையை விலக்கினான். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று செவிலிகள் தினமும் தொடையில் பேனாவால் கோடு போட்டு வைப்பார்கள். நேற்றைய கோட்டைச் சிவப்பு தாண்டியிருந்தது. முந்தாநாள் கோடு சிவப்புக்குள் மூழ்கிக் கண்ணுக்கே தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க குழுவுல?"

"பிஸ்கட் குடுத்தாங்க."

"எத்தனை?"

"ஒண்ணு."

டீனஸ் சிரித்தான். சிரித்தது காலில் வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டான். உதடு வெடித்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

"அக்கா, ஒரு பன்னியைச் சொல்லிடு."

"இல்லாத பன்னியையா?"

"இருக்கற பன்னிதான். பக்கத்து வீட்டு பியெரோட தோட்டத்துல ஒண்ணு சுத்துதே, கேட்யென்னு."

"அதை நீ தொட்டியா?"

"தொட்டேன்னு வச்சுக்கோயேன். அதுவா வந்து இல்லன்னு சொல்லப்போகுது?"

"பொய்யாடா சொல்லச் சொல்ற?"

"உண்மையத்தான் இத்தனை நாளாச் சொன்ன. கோடு எங்க இருக்கு பாரு."

ட்ரூஸ் வெளியே வந்தாள். ஒரு கதவு மூடி, மற்றது திறக்கும்வரை நின்றாள். பெர்டீனிடம் போய், "தொட்டான்," என்றாள். "பக்கத்து வீட்டுப் பன்னி."

பெர்டீன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, உண்மையாகவே.

"மனசுல வச்சுக்கிட்டு எவ்வளவு பாரமா இருந்திருக்கும் உங்களுக்கு. எந்த இடத்துல தொட்டார்?"

"தோட்டத்துல."

"பன்னிக்கு எந்த இடத்துலன்னு கேட்டேன்."

"முதுகுல."

"மூக்குன்னா வசதியா இருக்கும்."

"அப்போ மூக்குல."

"நன்றிம்மா," என்றாள் பெர்டீன். "இப்படி ஒத்துழைச்சாத்தான் எங்களால உதவ முடியும்."

அன்றைக்கே அலமாரி திறந்துவிடும் என்று ட்ரூஸ் நினைத்தாள். ஆனால் பன்றி என்று சொன்னால் போதாது. ஹெர்லாக் கேட்டபடி, அந்தப் பன்றியின் மூக்கில் அந்தக் கிருமி இருந்தாகவேண்டும். மறுநாள் காலையில் வெள்ளை உடுப்பு அணிந்த ஒரு கூட்டம் பியெர் வீட்டு வேலியில் வந்து இறங்கியது. பியெர் வீட்டுக்குள் போடும் செருப்போடு வெளியே ஓடிவந்தான்.

"ட்ரூஸ், என்ன நடக்குது? என் பன்னி என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல பியெர். டீனஸ் அதோட மூக்கைத் தொட்டான்."

"டீனஸா? அவன் அது இருக்கற பக்கமே திரும்பமாட்டான். போன கிறிஸ்துமஸ்ல இருந்து ரெண்டு பேருக்கும் ஆகாது, அவனோட தொப்பியை அது தின்னுடுச்சே..."

"பியெர், வாயை மூடு."

கேட்யெ ஆப்பிளும் சமையலறை மிச்சமும் தின்று வளர்ந்த ஒற்றைப் பன்றி. மருந்தையும் பார்த்ததில்லை, வேறொரு பன்றியையும் பார்த்ததில்லை. அதைப் பிடிக்க வெள்ளை உடுப்புக்காரர்கள் மத்தியானம்வரை ஓடினார்கள். ஒருவர் முள்வேலியில் உடுப்பைக் கிழித்துக்கொண்டார். குச்சி போனது. பதில் வந்தது. பன்றி சுத்தம்.

மறுநாள் வெள்ளை உடுப்புக்காரர்களில் ஒருவர் திரும்பிவந்து பியெர் வீட்டு வேலியில் ஒரு அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார். அடங்காத கிருமி உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இந்தப் பன்றியை நெருங்கக்கூடாது. ட்ரூஸ் கடைக்குப் போகவேண்டுமென்றால் இப்போது சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

*

அடுத்த வியாழன் ஹெர்லாக் ஒரு பெரிய செர்ரிப் பழப் பணியாரத்தோடு வந்தார். பன்றி தப்பித்ததற்காக, என்றார். எல்லாருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. குடும்பத்தின் குரலுக்கும் ஒரு துண்டு.

"பன்றி சுத்தம். அப்போ கிருமி யாருடையது?" என்று கேட்டாள் ட்ரூஸ்.

டாக்டர் ரென்ஸ்கெ எழுந்தாள். கையில் இருந்த காகிதத்தைப் பிரித்தாள்.

"பன்றிங்ககிட்ட இருக்கற ரகம் எதுன்னு ஆய்வுக்கூடத்துல பிரிச்சுச் சொல்லிடுவோம். இது அந்த ரகம் இல்ல. இது மனுஷங்ககிட்ட, ஆஸ்பத்திரிங்கள்ல சுத்தற ரகம். இதே ரகம் இந்தக் கோடையில இன்னும் ரெண்டு பேரோட முழங்கால்லயும் வந்துச்சு. மூணு முழங்காலும் ஒரே அறுவை அரங்கத்துல வச்சது. வச்சவர்..."

"டாக்டர்," என்றார் தலைவி மிருதுவாக. "அது பணியாளர் அந்தரங்கம்."

"நான் பேர் சொல்லலையே."

"அந்த ரெண்டு பேருக்கும்தான் பன்றி வழி முடிவாயிடுச்சே."

"அதுல ஒருத்தர் பியானோ டீச்சர்."

"அவங்களும் முதல்ல மறுத்தாங்க. கடைசியில ஒத்துக்கிட்டாங்க."

"நிஜமான பன்னிப் பண்ணையாப் பாத்துச் சொல்லியிருப்பாங்க," என்றாள் ட்ரூஸ். "எனக்கு அந்த அறிவு இல்லாமப்போச்சு."

இதை யாரும் கவனத்தில்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ரென்ஸ்கெ விடாமல் சொன்னாள். "அரங்கத்துல வேலை செய்யற எல்லாரோட மூக்கையும் பாத்துடலாமே. ஒரே ஒரு காலைப்பொழுது வேலை."

"பாத்தா?"

"யாருக்காவது இருந்தா அது போறவரைக்கும் அவர் வீட்டுல இருக்கணும். அதுதானே நம்ம விதி. மூக்குக்குக் களிம்பு போட்டாப் பெரும்பாலும் சரியாயிடும்."

"அவர் வீட்டுல இருந்தா அறுவை நிக்கும்," என்றார் தலைவி. குரலில் துளி கோபம் இல்லை. கணக்குப் பாடம் நடத்துகிறவர் போலப் பேசினார். "அறுவை நின்னா காத்திருக்கறவங்க வரிசை நீளும். வரிசை நீண்டா யாருக்குக் கஷ்டம்? நோயாளிங்களுக்கு. நோயாளிங்களோட நன்மைக்காகத்தான் நாம அந்த மூக்கைப் பார்க்காம இருக்கோம். பார்க்காத மூக்குல கிருமி இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதுவரைக்கும் யாரும் சொன்னதும் இல்ல. வாசல்ல இருக்கற பலகைக்கு அதுதான் ஆதாரம்."

தலைகள் ஆடின. டாக்டர் ரென்ஸ்கெ உட்கார்ந்தாள். அவள் தலை ஆடவில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் ஆலோசனைத் தரப்பு, அதன் தலை எண்ணிக்கையில் சேராது.

"அம்மா," என்றாள் ட்ரூஸ். இந்த முறை அவள் எழுந்து நின்றாள். "காலையில அவன் என்னை யாருன்னு கேட்டான். காய்ச்சல் மூளைக்கு ஏறுது. நீங்க யாரை வேணும்னாலும் சொல்லிக்கோங்க. பன்னியைச் சொல்லுங்க, என்னைச் சொல்லுங்க, பெட்ரோல் பங்கைச் சொல்லுங்க. நான் எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்றேன். அந்த அலமாரியை மட்டும் திறங்க."

மேசையில் ஒரு சங்கடம் பரவியது. எங்கள் மேசைகளில் யாரும் எழுந்து நிற்பதில்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடும்பத்தோட இந்தப் பெருந்தன்மை எனக்கு ஒரு வழியைக் காட்டுது. 'அடையாளம் தெரியாத பன்றி'ன்னு வச்சுக்கிட்டா என்ன?"

"அடையாளம் தெரியாதுன்னா எங்க பன்றியாவும் இருக்கலாமே," என்றார் ஹெர்லாக். "சங்கம் ஒத்துக்காது."

"உங்களோடது இல்லன்னு எழுதிட்டா?"

"எப்படி எழுதுவீங்க?"

"அவர் பெல்ஜியம் போயிருக்கார்."

ஹெர்லாக் பணியாரத்தை மென்றுகொண்டே யோசித்தார். "பெல்ஜியப் பன்றி," என்று சொல்லிப் பார்த்தார். வாயில் அது நன்றாகவே உட்கார்ந்தது. "அவங்க நம்ம மேசையில இல்லையே. ஆட்சேபிக்க ஆளில்ல."

"வெளிநாட்டு வழியும் ஆச்சு, பன்றி வழியும் ஆச்சு," என்றாள் பெர்டீன் பூரிப்போடு.

எல்லாத் தலைகளும் ஆடின. பலர் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த பணியாரத்தையும் பங்குபோட்டார்கள். ட்ரூஸ் தன் துண்டைத் தொடவில்லை. அதை ஹெர்லாக் எடுத்துக்கொண்டார்.

அலமாரி திறந்தது. மருந்து வந்தது. பையிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ரத்தத்தில் இருந்த கிருமிகளை அது கொன்றது என்று டாக்டர் ரென்ஸ்கெ பிறகு சொன்னாள், அதனால்தான் உயிர் மிஞ்சியதாம். முழங்காலில் இருந்தவை கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தன. மருந்து வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தது. உலோகத்தை எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குள்ளும் போயிருந்தது. கடைசியில் செவிலிகள் போட்ட கோடுகளுக்கெல்லாம் மேலே, தொடையின் பாதியில் வெட்டினார்கள். வெட்டியவர் டாக்டர் டெ ராய். கைத்திறன் உள்ளவர், வேகமானவர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

*

தலைவி வான் ஆர்சன் தானே நேரில் வந்தார். அவர் அப்படி எந்த நோயாளியையும் பார்க்க வந்ததில்லை என்று செவிலிகள் பேசிக்கொண்டார்கள். அங்கி இல்லை, முகமூடி இல்லை. பின்னால் பெர்டீன் ஒரு பூங்கொத்தோடு நின்றாள். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன.

"நல்ல செய்தி," என்றார். "மூக்கு, தொண்டை, காயம் எல்லாத்தையும் பாத்தாச்சு. கிருமி இல்ல. நீங்க சுத்தம். தனிமையும் இன்னியோட முடிஞ்சுது."

டீனஸ் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் தொடையோடு தட்டையாகிவிட்டது.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றான்.

"இதுல ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணை விட்டுக்குடுத்தோம். சங்கம் விட்டுக்குடுத்துச்சு. ஆய்வுக்கூடம் விட்டுக்குடுத்துச்சு. நாங்களும்தான். அதனாலதான் ஒரு ஒத்த கருத்துக்கு வர முடிஞ்சுது. குழுவோட சார்பில உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

"பியானோ டீச்சருக்குமா?" என்றாள் ட்ரூஸ்.

தலைவி அதைக் கேட்காதவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், நெருங்கினவர்களிடம் பேசுவது போல.

"இன்னொரு விஷயம். இனிமே உங்க பாரம் முழுக்க அந்த வலது காலுக்குத்தான் வரும். அந்த முழங்காலும் தேஞ்சுதான் இருக்குன்னு எக்ஸ்ரே படத்துல தெரியுது. அதையும் மாத்திட்டா செயற்கைக் காலோட நீங்க நல்லா நடக்கலாம். மத்தவங்க காத்திருக்கற மாதிரி நீங்க காத்திருக்க வேணாம். உங்களை வரிசையில முன்னாடி போடச் சொல்லிட்டேன். டாக்டர் டெ ராய் தானே செய்யறேன்னு சொல்லிட்டார். ரொம்ப ஆசையாக் கேட்டார். உங்க மேல அவருக்குத் தனிப் பிரியம்."

டீனஸின் கை போர்வைக்குள் போய் வலது முழங்காலை மூடிக்கொண்டது. அக்காவைப் பார்த்தான். பெர்டீன் பூங்கொத்தை மேசையில் வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள்.

ட்ரூஸ் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, தலைவிக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றாள். கத்தவில்லை.

"அவனுக்கு மிச்சம் இருக்கறது ஒத்தக் காலு. உங்க டாக்டருக்கு இருக்கறதும் ஒத்த மூக்குதான். அதுல ஒரு தடவை குச்சி விட்டுப் பாத்துட்டு வந்து சொல்றீங்களாம்மா?"